கொழுத்த உடம்பும் உழைக்கும் தசையும்

தமிழில் 'கொழுப்பு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று உடம்பில் படியும் நெய்ப்பொருள், மற்றது திமிர். 'அவனுக்குக் கொழுப்பு' என்று ஒருவர் சொன்னால், அவர் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று எவரும் எண்ணுவதில்லை. 'தின்று கொழுத்தவன்', 'உடம்பு வளையாதவன்' என்பனவும் அவ்வாறே. பருத்த உடம்பைக் கண்ட மாத்திரத்தில் அந்த உடம்புக்குரியவரின் குணத்தைப் பற்றியும் தீர்ப்பு வழங்கிவிடுகின்ற மொழி நம்முடையது.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த எழுபதுகளின் பிற்பகுதியில், கொழும்பில் எங்கள் அலுவலகத்தில் ஒப்புநோக்காளராக ஒரு பெரியவர் இருந்தார். இலக்கணத்தில் புலி. ஒற்று மிகும் இடம், மிகா இடம் பற்றி ஆசிரியருக்கே ஐயம் ஏற்பட்டால் அவரிடந்தான் ஆளனுப்புவார்கள். நூறு கிலோவுக்குக் குறையாத சரீரம். ஆசிரியபீடம் மூன்றாம் மாடியில் இருந்தது, மின்தூக்கி கிடையாது. மனிதர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கைப்பிடியைப் பற்றியவாறு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறுவார். 'அண்ணை இரண்டாம் மாடிக்கு வந்திட்டாராம், பக்கம் நாளைக்குத்தான் முடியும்' என்று பகிடி பண்ணியவர்கள் இருந்தார்கள். ஓர் இரவு, கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பிறகு, பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் சொன்னார்: 'தம்பி, எனக்கு ஏற மனமில்லை எண்டு நினைக்கினம். மனம் எப்பவோ மேல போட்டுது. கால்தான் குடுக்குதில்லை.'

வைத்தியர்களிடமும் அவர் போனார். எடைத்தராசில் ஏற்றினார்கள். 'வாயைக் கட்டும், நல்லா நடவும்' என்பதற்கு மேல் எவரும் எதுவும் சொல்லவில்லை. பின்னர் நீரிழிவு வந்து, ஒரு காலையும் இழந்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் காலமானார். 'கால் குடுக்குதில்லை' என்று அவர் சொன்னது உண்மையா, சாட்டா என்று காலிடமே கேட்டறியும் வழி அன்று எங்களிடம் இருக்கவில்லை. ஆனால், ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் அதற்கான வழி திறந்திருந்தது என்பதைப் பல வருடங்களுக்குப் பின்னர்தான் வாசித்தறிந்தேன்.

அந்த வழியை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், தசை எதைச் செலவழித்து உழைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தசை சுருங்குவதற்கான சக்தியை நேரடியாகக் கொடுப்பது ஏ.ரி.பி. என்ற சேர்வை. அதன் கையிருப்பு மிகச் சொற்பம். உச்ச வேகத்தில் ஓடினால் ஓரிரு விநாடிகளுக்குத்தான் காணும். கடைக்காரரின் மேசை லாச்சியில் கிடக்கும் சில்லறைக்கு அதை ஒப்பிடலாம். லாச்சி வெறுமையாகாமல் இருப்பதற்காக உள்ளறையில் ஒரு பெட்டி இருக்கிறது. அதுதான் பொஸ்போகிரியேட்டின். ஓய்விலிருக்கும் தசையில் இதன் அளவு ஏ.ரி.பி.யைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. பாரம் தூக்கும்போதும் படியேறும்போதும் இந்தப் பெட்டியிலிருந்து எடுத்து எடுத்து லாச்சியை நிரப்புகிறோம். வேலை முடிந்ததும் பெட்டியைத் திரும்ப நிரப்புவது, கலங்களுக்குள் இருந்து ஒட்சிசனைக் கொண்டு எரிபொருளை எரிக்கின்ற இழைமணிகள். பாடசாலையில் உயிரியல் படித்தவர்களுக்குப் பழக்கமான பெயர். தமிழகத்தார் மைட்டோகாண்ட்ரியா என்பர். பெட்டி எவ்வளவு விரைவாக நிரம்புகிறதோ அவ்வளவுக்கு இழைமணிகள் வலுவாக இருக்கின்றன என்று கொள்ளலாம். ஆரோக்கியமான தசையில் பாதி நிரம்புவதற்கு இருபது, முப்பது விநாடிகள் போதும்.

இந்தப் பெட்டியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னையில் மருத்துவம் படித்தவர் என்பதைக் குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. 1895இல் பீமாவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் என்ற தெலுங்கர் அவர். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கியுடன் சத்திரசிகிச்சை வகுப்புக்குப் போய், வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனிலும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு மதராஸ் மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளியேறியவர் என்று அவரது வரலாறு கூறும். பின்னர் அமெரிக்கா சென்று ஹாவார்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, 1925இல் பொஸ்பரசை அளக்கும் முறையொன்றை வெளியிட்டார். அந்த முறையைத் தசையில் பிரயோகித்தபோது 1927இல் பொஸ்போகிரியேட்டின் அகப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இதனைக் கண்டனர். 1929இல் ஏ.ரி.பி.; அதனை ஜேர்மனியில் லோமன் தனியாகக் கண்டார். இவ்வளவுக்குப் பிறகும் ஹாவார்ட் அவருக்கு நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. 1940இல் லெடர்லி என்ற மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே அவரது வழிகாட்டலில் உருவான மருந்துகளுள் ஒன்று யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மாத்திரை. எங்கள் மேற்கு, தெற்குக் கரையோர மக்கள் விழுங்கிய அதே மாத்திரைதான். 2016இல் இலங்கை யானைக்கால் நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது எங்கள் பத்திரிகைகளில் சுப்பாராவின் பெயர் என் கண்ணில் படவில்லை. நிற்க.

சுப்பாராவின் காலத்தில் தசையைச் சோதிப்பதென்றால் வெட்டி எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். 1962இல் ஸ்வீடனின் பேர்க்ஸ்ட்ரோம், தடித்த ஊசியொன்றைத் தொடையில் செலுத்தி ஒரு துணுக்குத் தசையை எடுக்கும் முறையைப் பரவலாக்கினார். இன்றும் அது வழக்கிலுள்ள முறை. மிகுந்த பயன் தந்ததும்கூட. ஆனால் ஒரே இடத்தில் நான்கு விநாடிக்கொரு தடவை ஊசி ஏற்ற முடியாது. துணுக்கை எடுத்து உறையவைக்கும் அந்தச் சில விநாடிகளிலேயே பெட்டியிலிருந்த பணத்தில் ஒரு பகுதி கரைந்தும் போய்விடும்.

1974இல் ஒக்ஸ்போர்டில் வேறொரு வழி பிறந்தது. ரெக்ஸ் ரிச்சர்ட்ஸ், 1956 எழுச்சிக்குப் பின் ஹங்கேரியிலிருந்து வந்து சேர்ந்த ஜோர்ஜ் ராடா முதலானோர் எலியின் கால் தசையைப் பலமான காந்தத்துக்குள் வைத்து, வானொலி அலையைச் செலுத்தி, அது திருப்பிச் சொல்வதைக் கேட்டார்கள். பொஸ்பரஸ் அணுவின் கரு ஒரு சின்னஞ்சிறு காந்தம். அது எந்தச் சேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்கிறதோ அதற்கேற்பச் சற்றே வேறுபட்ட அலைவரிசையில் பதில் சொல்லும். இலங்கை வானொலியைச் சிற்றலையில் தேடிப் பிடித்த தலைமுறைக்கு இது இலகுவில் விளங்கும். முள்ளை மெல்ல நகர்த்தினால் ஓரிடத்தில் பொஸ்போகிரியேட்டின் பேசும், தள்ளிப்போனால் ஏ.ரி.பி. மூன்று இடங்களில் பேசும், ஏனெனில் அதில் மூன்று பொஸ்பேற்றுகள். செலவழிந்துபோன தனிப் பொஸ்பேற்று வேறோரிடத்தில் பேசும். அந்தக் கடைசி நிலையம் எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு தசை எவ்வளவு புளித்திருக்கிறது என்பதையும், அதாவது அதன் அமிலத்தன்மையையும், அறியலாம். ஊசியில்லை, சாயமில்லை, கதிரியக்கமில்லை. இதனைப் பொஸ்பரஸ் காந்தப் பரிவு நிறமாலை என்கின்றனர்.

மனிதர்களில் இது முதலில் பயன்பட்ட சந்தர்ப்பங்களில் ஒன்று என்னை மிகவும் தொட்டது. லண்டனில் பிரையன் மக்காடில் என்ற வைத்தியர் 1951இல் விவரித்த அரிய நோயொன்று உண்டு. தசையில் சேமித்த கிளைக்கோஜனை உடைக்க முடியாமற்போகும் பிறவிக் குறைபாடு அது. இந்நோயாளர் பார்வைக்குத் திடகாத்திரமாக இருப்பர். சிறிது ஓடினால் கால் விறைத்து நின்றுவிடும். சிறுவயது முதல் 'கள்ளம் போடுகிறான்' என்ற பெயரைச் சுமந்தவர்கள் அவர்களில் ஏராளம். 1981இல் ஒக்ஸ்போர்ட் குழுவினர் அத்தகைய நோயாளி ஒருவரின் தசையைக் காந்தத்துக்குள் வேலை செய்யவைத்தார்கள். வேலை செய்யும் தசை புளிக்க வேண்டும், அவருடையது புளிக்கவில்லை. கத்தி வைக்காமலேயே தசை சாட்சி சொல்லிவிட்டது.

பிரித்தானியாவில் வாழும் என் அக்காவின் மகன், 110 கிலோ எடையுள்ளவன், இவ்வாறான ஒரு சோதனைக்குத் தொண்டராகப் போய்வந்தான். தொலைபேசியில் விவரித்தான். 'மாமா, பெரிய ஆயத்தம் ஒண்டுமில்லை. குழாய்க்குள்ள கிடத்திப்போட்டு ஒரு பெடலைப் பாதத்தால அமத்தச் சொல்லிச்சினம். இரண்டு நிமிசம் அமத்தினன். பிறகு அசையாமல் கிடவெண்டினம். அந்தக் கிடைதான் சோதினையே.' அவன் சொன்னது சரி. பெட்டி நிரம்புவதை அளப்பது ஓய்வின்போதுதான். சில விநாடிகளுக்கொரு தடவை நிறமாலையை எடுத்து, பொஸ்போகிரியேட்டின் ஏறிவரும் வளைகோட்டை வரைவார்கள். பெடலின் பாரத்தை அவரவர் கால் வலுவுக்கு ஏற்ப வைப்பதும், தசை அதிகம் புளிக்காதவாறு மென்மையாக வேலை வாங்குவதும் முக்கியம். புளித்துவிட்டால் நிரம்பும் வேகம் குறைந்து கணக்குப் பிழைக்கும்.

பாரத்தைப் பற்றிய இந்த விஷயம் சாதாரணமானதல்ல. எங்கள் ஒப்புநோக்காளரின் மூன்று மாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ மனிதர் அதில் ஏற ஏறத்தாழ 6 கிலோயூல் வேலை செய்கிறார். 110 கிலோ மனிதர் ஏறத்தாழ 11 கிலோயூல். ஒரே படிக்கட்டில் ஒரே நேரத்தில் ஏறினாலும் இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்யவில்லை. பருமனானவர்கள் சக்தியைச் செலவழிக்காமல் சேர்த்துவைக்கும் கஞ்சர்கள் என்ற எண்ணமும் அளந்து பார்த்தபோது நிற்கவில்லை. 1986இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அடையாளமிட்ட நீரைக் குடிக்கக் கொடுத்து அன்றாட வாழ்வின் சக்திச் செலவை அளந்தபோது, பருமனான பெண்கள் மெலிந்தவர்களைவிடக் கூடுதலாகவே செலவிட்டனர்.

சரி, தசை என்ன சொல்லிற்று? 2004இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பீற்றர்சன், ஷுல்மன் குழுவினர் நீரிழிவாளரின் பிள்ளைகளைப் பரிசோதித்தனர். இளைஞர்கள், மெலிந்தவர்கள், ஆரோக்கியமானவர்கள். ஆனால் உடல் இன்சுலினுக்குச் சரிவரப் பணியாதவர்கள். ஓய்விலிருக்கும் அவர்களின் தசையில் ஏ.ரி.பி. உற்பத்தி ஏறத்தாழ 30 வீதம் குறைவாக இருந்தது. உடனே 'நோய்க்குக் காரணம் சோம்பேறித் தசை' என்ற பாணியில் செய்திகள் பறந்தன. தலைப்பு எழுதும் தொழிலில் நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'காரணம் கண்டுபிடிப்பு' என்பது நான்கு பத்திக்கு அழகாகப் பொருந்தும் தலைப்பு, 'தொடர்பு இருக்கலாம், திசை தெரியவில்லை' என்பது எந்தப் பத்திக்குள்ளும் அடங்காது.

2007இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரிலிருந்து வந்த முடிவு அதனிலும் சுவையானது. நீரிழிவுள்ள ஒரு குழுவினரையும், அவர்களைப் போலவே பருமனான, ஆனால் நீரிழிவில்லாத இன்னொரு குழுவினரையும் காந்தத்துக்குள் ஒப்பிட்டார்கள். உடற்திணிவுச் சுட்டி இரு பகுதியாருக்கும் ஒன்றே. நீரிழிவில்லாதவர்களில் பெட்டி பாதி நிரம்பச் சராசரி 18.7 விநாடி, நீரிழிவாளரில் 27.3 விநாடி. சிறிய குழுக்கள்தான். என்றாலும் இந்த இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மெலிந்த உடம்பில் மந்தமான தசை. பருத்த உடம்பில் சுறுசுறுப்பான தசை. தராசு காட்டும் எண்ணிலிருந்து தசையின் நிலையை ஊகிக்க முடியாது என்பது எனக்கு அன்றே தெளிவாயிற்று.

தெற்காசியர்களாகிய நமக்கு இது இன்னும் நெருக்கமான சங்கதி. 2004இல் லான்செற் சஞ்சிகையில் ஒரு புகைப்படம் வெளிவந்தது. புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த யுட்கின் ஆகிய இரு வைத்தியர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உடற்திணிவுச் சுட்டி 22.3. யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம்! ஆசியருக்கு 25 வரை பொறுத்திருக்காமல் 23இலேயே விழிப்படைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் கூறியதும் அதே ஆண்டில்தான். நாம் ஒல்லியாக இருந்துகொண்டே கொழுத்திருக்கக் கூடியவர்கள்.

அப்படியானால் நம்முடைய தசைகள் மந்தமானவையாக இருக்க வேண்டும் அல்லவா? 2008இல் மேயோ மருத்துவ நிலையத்தில் ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் இதைப் பரிசோதித்தனர். நீரிழிவுள்ள இந்தியர் 13 பேர், இல்லாத இந்தியர் 13 பேர், வட ஐரோப்பிய வழிவந்த அமெரிக்கர் 13 பேர். இதற்குப் பயன்பட்டது காந்தமல்ல, பழைய ஊசிதான். இந்தியர்களின் உடல் இன்சுலினுக்குப் பணிய மறுத்தது. ஆனால் அவர்களின் இழைமணிகளோ அமெரிக்கருடையவற்றை விடக் கூடுதலான ஏ.ரி.பி.யை உற்பத்தி செய்யும் திறன் கொண்டிருந்தன. நீரிழிவு இருந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். 'சோம்பேறித் தசைதான் மூலகாரணம்' என்ற கதை நம்மவர் விஷயத்தில் இங்கே இடறி விழுந்தது. யேலில் அளந்தது ஓய்விலிருக்கும் உற்பத்தி, மாஸ்ட்ரிக்டில் அளந்தது வேலைக்குப் பிந்திய மீட்சி, மேயோவில் அளந்தது வெளியே எடுத்த இழைமணியின் உச்சத் திறன் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மூன்றும் மூன்று கேள்விகள். ஒரே தலைப்பின் கீழ் அவற்றைப் போடுவது பத்திரிகைக்காரரின் அவசரம்.

காந்தம் விலை கூடியது. சாதாரண ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஐதரசனை மட்டும் கேட்கப் பழக்கப்பட்டது. பொஸ்பரசைக் கேட்பதற்குத் தனியான சுருளும் உபகரணங்களும் வேண்டும். ஆகவே ஒளியைக் கொண்டு தசையைப் பார்க்கும் மலிவான முறையொன்றும் வளர்ந்திருக்கிறது. ரோச் லைற்றை உள்ளங்கையால் பொத்தினால் விரலிடுக்குகள் சிவந்து ஒளிர்வதைச் சிறுவயதில் எல்லோரும் பார்த்திருப்போம். சிவப்பையும் தாண்டிய செங்கீழ்க் கதிர் (தமிழகத்தில் அகச்சிவப்பு) இன்னும் ஆழம் போகும் என்பதை 1977இல் ஜோப்சிஸ் என்பவர் காட்டினார். ஒட்சிசன் ஏந்திய இரத்தமும் ஏந்தாத இரத்தமும் இக்கதிரை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். தசைக்குச் சற்று வேலை கொடுத்துவிட்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைப் போன்ற ஒன்றால் சில விநாடிகள் இரத்தோட்டத்தை நிறுத்தி நிறுத்தி விட்டால், உள்ளே இருக்கும் ஒட்சிசனைத் தசை எவ்வளவு வேகத்தில் தீர்க்கிறது என்று கணிக்கலாம். காந்தம் தரும் முடிவோடு இது நன்றாக ஒத்துப்போவதையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும் கருவி.

ஆனால் யாருக்காக இந்தக் கருவி மிகவும் வேண்டுமோ அவர்களிடத்திலேயே அது தடுமாறுகிறது. ஒளி புகும் இடத்துக்கும் அதைப் பிடிக்கும் இடத்துக்கும் இடையே 3, 4 சென்ரிமீற்றர் இருந்தால், அதில் ஏறத்தாழ அரைவாசி ஆழத்தைத்தான் கருவி பார்க்கும். தொடைத் தோலின் கீழ் 2 சென்ரிமீற்றர் கொழுப்பு இருந்தால் கருவி கொழுப்பை மட்டும் பார்த்துவிட்டு வீடு திரும்பும்! ஆகவே முதலில் கொழுப்பின் தடிப்பை அளந்துகொண்டு, மெல்லிய இடமாகப் பார்த்து முன்னங்கையிலோ காலின் கீழ்ப்பகுதியிலோ வைக்கிறார்கள். காந்த முறையிலும் சுருளிலிருந்து தசை விலக விலகச் சத்தம் மெலிகிறது. தொடையை விட்டுவிட்டு ஏன் கெண்டைக்காலைப் பார்த்தார்கள் என்று மருமகனிடம் கேட்டபோது, 'தொடையில தடிப்புக் கூடவாம், கெண்டையெண்டால் நல்லாக் கேட்குமாம்' என்றான். மாடிப்படி ஏறும்போது உடம்பைத் தூக்குவதில் பெரும்பங்கு தொடைக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

தோலின் நிறமும் இன்னொரு திரை. விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சிறு கருவி கொரோனாக் காலத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது நினைவிருக்கும். அது கறுப்பின நோயாளரில் ஒட்சிசன் குறைவைத் தவறவிடும் வாய்ப்பு வெள்ளையரிலும் பார்க்க ஏறத்தாழ மூன்று மடங்கு என 2020இல் அமெரிக்காவில் கண்டறிந்தனர். தசையைப் பார்க்கும் ஒளியும் அதே தோலினூடாகத்தான் போகிறது. மேலும், எம்.ஆர்.ஐ. குழாயின் விட்டம் நெடுங்காலமாக 60 சென்ரிமீற்றராக இருந்தது. 2004ஐ அண்டித்தான் 70 சென்ரிமீற்றர்க் குழாய்கள் வரத் தொடங்கின. குழாய்க்குள் நுழைய முடியாதவர்கள் ஆய்வுக்குள்ளும் நுழையவில்லை. பருமனானவர்களைப் பற்றிய பல கட்டுரைகளில் உண்மையிலேயே மிகவும் பருமனானவர்கள் இல்லாதது இதனால்தான்.

மந்தமான தசை மந்தமாகவேதான் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு 2010இல் அதே மாஸ்ட்ரிக்ட் குழுவினர் ஒரு விடை தந்தார்கள். நீரிழிவுள்ள 18 பேர், ஒத்த வயதும் எடையுமுள்ள நீரிழிவில்லாத 20 பேர். 12 வாரங்கள் படிப்படியாகக் கூட்டிய பயிற்சி. சைக்கிள் மிதித்தலும் பாரம் தூக்கலும் கலந்தது. முடிவில் நீரிழிவாளரின் பெட்டி, மற்றவர்களுடையதைப் போன்ற வேகத்தில் நிரம்பத் தொடங்கிற்று. விசித்திரம் என்னவென்றால், தசைக்கலங்களுக்குள் இருந்த கொழுப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தது. ஆனாலும் உடல் இன்சுலினுக்கு முன்னிலும் நன்றாகப் பணிந்தது. 'நல்லா நடவும்' என்று என் நண்பருக்குச் சொன்ன வைத்தியர்கள் பிழையாகச் சொல்லவில்லை. நடந்தால் தராசுதான் மாற வேண்டும் என்று அவரை நம்பவைத்தார்கள். மாதக்கணக்கில் காலிமுகத்திடலில் நடந்தும் தராசு அசையாததால் அவர் நடையை நிறுத்திவிட்டார். அந்த மாதங்களில் அவரது கால்களுக்குள் என்ன மாறியது என்பதைப் பார்ப்பதற்கு எவரிடமும் கருவி இருக்கவில்லை.

மாஸ்ட்ரிக்டில் பயிற்சி பெற்ற 38 பேரும் ஆண்கள். எங்கள் நாட்டிலோ உடற்பருமன் ஆண்களைவிடப் பெண்களிடையேதான் கூடுதலாகக் காணப்படுகிறது.